பதினோரு முகங்களும் ஒரு முதல் பக்கமும்

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்பது அன்பரசியின் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, சிட்டா என்று பலகையில் இடம் இருந்தவரைக்கும் எழுதி வைத்திருக்கிறாள். பலகையில் இல்லாததைக் கேட்டாலும் செய்து கொடுப்பாள். தெரியாது என்ற சொல் மட்டும் அந்தக் கடையில் கிடைக்காது. இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு, தலையில் அடித்துக்கொண்டு சொல்பவர்களும் உண்டு. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அவள் புருஷன் முருகேஷ் இரண்டாவது வகை.

அவளுடைய மாமியார் குள்ளம்மாள் தினமும் காலை பஸ்ஸில் ஒகேனக்கல் போய் அடுப்பு மூட்டுகிறவள். அருவிக்கு வருகிறவர்கள் மீனைக் கடையில் வாங்கி, அங்கேயே இருக்கிற சமையல்காரப் பெண்களிடம் கொடுப்பார்கள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். குள்ளம்மாள் வைக்கிற குழம்பைச் சாப்பிட்டவர்கள் இலையை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஆனால் யாருக்கு யார் சமைப்பது என்பதை முடிவு செய்வது குழம்பின் ருசி இல்லை. மீன்கடை வைத்திருக்கும் பச்சியப்பன்தான். அவர் கடை வாசலில் யார் நிற்கிறார்களோ, அவர்களில் அவர் யாரைக் கை காட்டுகிறாரோ, அவர்களுக்குத்தான் அன்றைய அடுப்பு எரியும்.

பச்சியப்பன் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. வாய்தான் கொஞ்சம் காரம். ஒருநாள் சேலத்திலிருந்து வந்த குடும்பத்தின் எதிரிலேயே, "ஏம்மா, மசமசன்னு நிக்காத. முடியலன்னா வூட்டுல கெட" என்று சொல்லிவிட்டார். குள்ளம்மாள் சமைத்து முடித்தாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அத்த, சாப்புடுங்க."

"நாளைக்கும் அங்கதான் போயி நிக்கோணும். அத நெனச்சா எறங்க மாட்டேங்குது."

அன்பரசிக்கு மாமியாரிடம் ஆயிரம் குறை உண்டு. டிவி சத்தம், குழாயடிச் சண்டை, மருமகளின் கோலத்தை அழித்துவிட்டுத் தானே போடுவது. அத்தனையும் அந்தப் பிசைந்த சோற்றைப் பார்த்ததும் எங்கோ போய்விட்டது. "நீங்க நிக்கவே வேணாம். நான் ஒரு வெப்சைட் போட்டுத் தரேன். சனங்க உங்களத் தேடி வருவாங்க" என்று சொல்லிவிட்டாள். காலேஜில் ஒரு வெப்சைட் செய்து மார்க் வாங்கியிருக்கிறாள். அதற்கும் இதற்கும் உள்ள தூரம் அப்போது அவளுக்குத் தெரியாது.

குள்ளம்மாள் அதை நம்பினாள். நம்பியதோடு விடாமல், மறுநாளே பச்சியப்பனிடம் போய், "இனிமே உங்க கடை வாசல்ல நிக்க மாட்டனுங்க. எனக்கு வெப்சைட் வருது" என்று சொல்லிவிட்டு வந்தாள். கடையே சிரித்ததாம். "வரட்டும், வரட்டும். ஆடிப் பதினெட்டுக்குப் பாப்போம்" என்றாராம் பச்சியப்பன். வருஷத்திலேயே அங்கே கூட்டம் அதிகம் அம்முகிற நாள் அது. அன்றைக்கு அடுப்பு அணைந்து கிடந்தால் அதற்குப் பிறகு அந்தக் கரையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. திரும்பவும் அதே வாசலில் போய்க் கடைசி ஆளாக நிற்கவேண்டியதுதான்.

ஆக, மாமியாரின் மானம் மருமகளின் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்தது.

வெப்சைட் இருக்க ஒரு இடம் வேண்டும், அதை வாடகைக்குக் கொடுப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஹோஸ்டிங் என்பார்கள். அன்பரசி ஒரு கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். சிறிய பிளான், நடுத்தர பிளான், பெரிய பிளான். ஒவ்வொன்றின் கீழும் வரிசையாக விவரங்கள். முதல் வரி, எவ்வளவு இடம். சிறிய பிளானிலேயே அவள் வைக்கப்போவதைப் போல நூறு மடங்கு வைக்க இடம் இருந்தது. போதுமே என்று எடுத்துவிட்டாள். இரண்டாவது வரியில் மாதத்துக்கு நூறு ஜிபி டேட்டா ட்ரான்ஸ்ஃபர் என்று இருந்தது. அதையும், அதற்குக் கீழே பேண்ட்வித் என்றிருந்த வரியையும் படித்தாள். நூறு என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தது, மேலே போய்விட்டாள். பெண் கொடுக்கப் போனவர்கள் மாப்பிள்ளை வீட்டில் எத்தனை அறை என்று பார்த்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் வந்த மாதிரிதான்.

அடுத்து படங்கள். குள்ளம்மாளின் படத்தை மட்டும் போட்டால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து அடுப்புத் தீர்த்தம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கடைசியில் பதினோரு பேர். அன்பரசி எல்லோரையும் அவரவர் அடுப்புக்குப் பக்கத்தில், கையில் மீனோடு நிற்கவைத்து எடுத்தாள். படங்களைச் சின்னதாக்கித்தான் முதலில் போட்டாள். அந்த அளவுக்கு விவரம் இருந்தது. தீர்த்தம்மாள் அதை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏம்மா, எம் மூக்குத்தி மங்கலா இருக்குது. உங்க மாமியாளுக்கு மட்டும் பளிச்சுனு போட்டிருக்க."

"எல்லாருக்கும் ஒண்ணுதாங்க அக்கா."

"அப்பறம் ஏன் எனக்குத் தெரியல?"

போனில் எடுத்த படங்கள் எடுத்தபடியே, முழு அளவில் ஏறின. அடுத்த வழக்கு, யார் படம் மேலே? ஒருத்தியை முதலில் போட்டால் மீதிப் பத்துப் பேரும் அன்பரசியோடு பேச மாட்டார்கள். இரண்டாம் பக்கத்துக்குப் போகவும் யாரும் தயாராக இல்லை. பதினோரு முகங்களும், கீழே பேரும் போன் நம்பருமாக, முதல் பக்கத்திலேயே இருக்கவேண்டும். குழாயடியில் முறை வைத்துப் பழகியவர்களுக்கு முறைதான் நியாயம் என்று நினைத்த அன்பரசி, பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வரிசை தானாக மாறும்படி செய்தாள். ஒரு தடவை குள்ளம்மாள் மேலே, ஒரு தடவை தீர்த்தம்மாள் மேலே. உச்சியில் இன்றைக்குத் தண்ணீர் எப்படி, பரிசல் ஓடுகிறதா என்று ஒரு வரி. அந்த வரி பழசாகிவிடக்கூடாது என்பதற்காக, திறக்கும்போதெல்லாம் பக்கம் முழுவதும் புதிதாக வந்து இறங்கும்படியும் எழுதி வைத்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்று இரண்டு டீ குடித்தாள்.

ஆடி பிறந்தது. போன் வர ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம வர்றோம், ஏழு பேரு" என்றார்கள். குள்ளம்மாள் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி போனாள். கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் அன்பரசி அதைக் கேட்டதே இல்லை. சாயங்காலம் வந்தால் மட்டும் ஒரு புகார். "மத்தியானத்துக்குள்ள நெட்டு தீந்துபோவுதுடி. அந்த சிம் கம்பெனிக்காரன் ஏமாத்தறான்."

"சீரியல் பாத்திருப்பீங்க அத்த."

"சமைக்கவா, சீரியல் பாக்கவா?"

அன்பரசி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது பக்கம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி, உங்கள் அளவு முடிந்துவிட்டது என்று. அன்பரசி கம்பெனிக்குப் போன் போட்டாள். எதிரில் தமிழ் பேசுகிற ஒரு பையன், நல்ல பணிவு.

"மேடம், மாசத்துக்கு உண்டான டேட்டா ட்ரான்ஸ்ஃபர் முடிஞ்சிருக்குங்க. நீங்க பத்தாம் தேதி வாங்கினதால பத்தாம் தேதிதான் மறுபடி கணக்கு ஆரம்பிக்கும்."

"எடம் நெறைய மீதி இருக்குதே தம்பி. ஒரு மூலைகூட ரொம்பல."

"எடம் வேற, இது வேறங்க மேடம். உங்க பக்கத்த ஒருத்தர் தெறக்கும்போது அதுல இருக்கிற படம், எழுத்து எல்லாம் எங்க கம்ப்யூட்டர்ல இருந்து அவங்க போனுக்குப் போவுது. அப்படி வெளிய போனதெல்லாம் சேர்ந்ததுதான் டேட்டா ட்ரான்ஸ்ஃபர்."

"அப்ப பேண்ட்வித்னு போட்டிருந்தீங்களே?"

"ஒரே நேரத்துல எவ்வளவு போக முடியும்ங்கிறது பேண்ட்வித். மாசம் முழுக்க மொத்தமா எவ்வளவு போச்சுங்கிறது ட்ரான்ஸ்ஃபர். ரெண்டையும் ஒண்ணா சேத்துப் பேசறதால எல்லாருக்கும் இந்தக் கொழப்பம் வருதுங்க."

கூடுதலாகக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம் என்றான், வாங்கினாள். பக்கம் உயிர் பெற்றது. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் வெள்ளைத் திரை. இவ்வளவு பேரா பார்க்கிறார்கள்? அப்படியானால் கரை கொள்ளாத கூட்டம் அல்லவா வந்திருக்கவேண்டும்! பையனிடம் திரும்பக் கேட்டபோது, மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடுதல் தர வழியில்லை, பெரிய பிளானுக்கு மாற மூன்று நாள் ஆகும் என்றான். மூன்று நாளில் ஆடிப் பதினெட்டு முடிந்தே போயிருக்கும். "சரிங்க, நான் மேல கேட்டு ரெண்டு ஜிபி மட்டும் போட்டு விடறேன். பாத்து செலவு பண்ணுங்க மேடம்" என்றான் கடைசியில். நாளைக் காலையில் பக்கம் திறக்குமாம்.

வீட்டில் குள்ளம்மாள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அன்பரசிக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். அவள் பித்தளைக் கரண்டியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே, "பச்சியப்பன் இன்னிக்கு அடுப்புப் பக்கம் வந்தாரு. 'வந்து நில்லும்மா, கடேசி மொறை தாரேன்'னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்ல? பதினெட்டு வரட்டும்னேன்."

மறுநாள் அன்பரசி கடையைப் பூட்டிவிட்டு மாமியாரோடு பஸ் ஏறினாள். யார்தான் இப்படி விழுங்குகிறார்கள் என்பது அங்கே போனால் தெரியும் என்று ஏதோ தோன்றியது. பஸ் காட்டுக்குள் இறங்கும்போதே இரண்டு ஜிபியும் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மீன்கடைகளைத் தாண்டி அடுப்புகள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். ஒரு குடும்பம் மீன் பையோடு வந்துகொண்டிருந்தது. தீர்த்தம்மாள் அவர்களைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். பக்கத்தைத் திறந்தாள். மேலே வேறு யாரோ. கட்டைவிரலால் கீழே இழுத்தாள். பக்கம் புதிதாக வந்தது. மேலே இன்னொருத்தி. மறுபடி இழுத்தாள். மறுபடி. குடும்பம் நெருங்கிவிட்டது. "ஒரு நிமிசம் இருங்க சார்" என்று இன்னும் இரண்டு இழுப்பு இழுத்து, தன் முகம் உச்சியில் வந்ததும் போனை அவர்கள் முன்னால் நீட்டினாள்.

"பாருங்க சார், நெட்டுலயே நான்தான் மொதல்ல வர்றேன்!"

அன்பரசி நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தப் பக்கம் திரும்பினால், இன்னொரு அடுப்பிலும் ஒரு கட்டைவிரல் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்ததிலும். மெதுவாகத் தன் மாமியாரைப் பார்த்தாள். குள்ளம்மாள் விறகை அடுக்கிவிட்டு, புடவையில் கையைத் துடைத்து, போனை எடுத்திருந்தாள்.

"அத்த, நீங்களுமா?"

"இரு, எம் மூஞ்சி மேல வரட்டும்."

ஒவ்வோர் இழுப்புக்கும் பதினோரு பெரிய படங்கள், மூக்குத்தி முதற்கொண்டு, எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பி இந்தக் கரைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே நூறு ஜிபி காலியானதும் இங்கே மத்தியானத்துக்குள் நெட்டு தீர்ந்ததும் ஒரே கணக்கு. ஊர் பார்த்ததைவிட, தங்களைத் தாங்களே இவர்கள் பார்த்ததுதான் அதிகம். வரிசையை மாற்றிவிட்டது யார்? தன் கெட்டிக்காரத்தனம்தான். அன்பரசிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "அக்கா, போன எல்லாரும் கீழ வெய்யுங்க!" என்று கத்தினாள்.

பதினோரு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பேண்ட்வித், ட்ரான்ஸ்ஃபர் என்று ஆரம்பித்தவள் அவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு அடுப்பைக் காட்டினாள். "இந்த அடுப்புல ஒரே நேரத்துல எத்தன சட்டி வெக்க முடியும்?"

"ரெண்டு."

"அது பேண்ட்வித். இன்னிக்கு முழுக்க எரிக்க எத்தன கட்டு வெறகு வெச்சிருக்கீங்க? அதுதான் ட்ரான்ஸ்ஃபர். அடுப்பு எம்மாம் பெருசா இருந்தாலும் வெறகு தீந்தா தீந்ததுதான். நம்மளுக்குக் குடுத்த வெறகெல்லாம் நாமளே குளிர் காய எரிச்சிட்டோம். இப்ப மீதி ரெண்டே சுள்ளிதான் இருக்குது."

தீர்த்தம்மாள்தான் ஆரம்பித்தாள். "அதுக்கு என்ன பண்ணோணுங்கற?"

"படத்தச் சின்னதாக்கலாம். ஆனா பதினெட்டுக்கு வர்ற கூட்டத்துக்கு அதுவும் தாங்குமான்னு எனக்குத் தெரியாதுக்கா."

தெரியாது என்று அன்பரசி சொன்னதைக் கேட்டுக் குள்ளம்மாள் தலை நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த போனையும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் படத்தில் அவள் பெரிய கட்லாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் சிரிக்கிற மாதிரி வேறு படம் வீட்டில் கிடையாது. கல்யாணப் படத்தில்கூட உர்ரென்றுதான் நிற்கிறாள். மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில், யாரும் வராதபோதுகூட, அதைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள் என்பது மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் படத்தை நீக்கிவிடலாமா என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

"படமே வேணாம்" என்றாள் குள்ளம்மாள். "எம் படத்த மொதல்ல எடு. பேரும் நம்பரும் போதும். எழுத்துக்கு எத்தன சுள்ளி ஆவும்?"

"ஒரு குச்சிகூட ஆவாது அத்த."

"அப்ப எடு."

தன் முகத்தை முதலில் எடுக்கச் சொன்னவளிடம் யார் வழக்காட முடியும்? தீர்த்தம்மாள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "எல்லாருதும் எடுக்கறதுன்னா எடு. ஒருத்தருது இருந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். வரிசை அகரவரிசையில் நின்றது, அதற்கும் ஒரு முணுமுணுப்பு இருந்தது. படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து போனிலேயே அன்பரசி பதினோரு முகங்களையும் பக்கத்திலிருந்து நீக்கினாள். மாமியாருடையதை எடுக்கும்போது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் எடுத்தாள். வெறும் எழுத்தாக, பள்ளிக்கூட வருகைப் பட்டியல் மாதிரி நின்றது பக்கம். ஆனால் தட்டியதும் திறந்தது.

ஆடிப் பதினெட்டன்று கடையைத் திறக்கவில்லை. வெங்காயம் உரிக்கவும் தண்ணீர் சுமக்கவும் அன்பரசியும் போயிருந்தாள். அதிகாலையிலிருந்தே பஸ்கள் வந்து கொட்டிக்கொண்டிருந்தன. புதுத்துணியும் மஞ்சள் கயிறும் தேங்காயுமாக, கரையில் கால் வைக்க இடமில்லை. அன்பரசி அவ்வப்போது பக்கத்தைத் திறந்து பார்க்க நினைத்து, நினைத்ததோடு விட்டாள். பச்சியப்பனின் கடை வாசலில் மற்ற சமையல்காரப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். குள்ளம்மாள் தன் அடுப்புக்கு முன்னால் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு போனும் வரவில்லை.

போன் அடித்தது.

"நாங்க கிருஷ்ணகிரியில இருந்து வந்திருக்கோம்மா. நெட்டுல உங்க பேரப் பாத்தோம். மீன் வாங்கியாச்சு. ஆனா இந்தக் கூட்டத்துல உங்கள எப்படிக் கண்டுபிடிக்கறது? படம் ஒண்ணும் இல்லையே?"

குள்ளம்மாள் மருமகளைப் பார்த்தாள். இதை யாரும் யோசிக்கவில்லை. அன்பரசி வாயைத் திறப்பதற்குள் குள்ளம்மாளே பதில் சொல்லிவிட்டாள்.

"பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே வாங்க சாமி. காது கேக்கற தூரத்துலதான் இருக்கேன்."

வந்தார்கள். கூட்டத்துக்குள் எங்கிருந்தோ ஓர் ஆண் குரல், "குள்ளம்மா! இங்க குள்ளம்மா யாருங்க?" என்று கூப்பிட்டது. அது முடிவதற்குள் இன்னொரு பக்கம், படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், வேறு குடும்பம், "குள்ளம்மாக்கா!" என்றது. அதே பேர் மீன்கடை வரிசை நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தது. நடுநடுவே "தீர்த்தம்மா!" என்றும் ஒரு குரல். பச்சியப்பனின் கடைக்கு எதிரே நின்று அந்தக் கிருஷ்ணகிரிக்காரர் அவரிடமே கேட்டார்.

"ஏங்க, குள்ளம்மான்னு சமைக்கிறவங்க, நல்லா சமைப்பாங்களாம், எங்க இருக்காங்க?"

பச்சியப்பன் கையில் வெட்டுக்கத்தியோடு விழித்தார். அவர் கடை வாசலில் பேர்கள் கிடையாது. எல்லோருமே 'ஏம்மா'தான். இத்தனை வருஷம் கை காட்டி அனுப்பியவர், தன் வாசலில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து, "யாருங்க அது குள்ளம்மா?" என்று கேட்டார்.

குள்ளம்மாள் எழுந்து நின்றாள். அவள் உயரத்துக்குக் கூட்டத்தில் தெரிய மாட்டாள். அதனால் கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரை முழுக்கக் கேட்கும்படி, "நாந்தானுங்க, இங்க இருக்கேன்" என்றாள்.